ஐந்து முறை திருடுபோன பலகை

அத்தியாயம் 7

ரெட்மண்ட் டார்ப்பிக்குத் தான் கெடுத்த மனிதர்களின் முகம் ஞாபகம் இருப்பதில்லை. வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் பழக்கம் அது. கெட்டுப்போனவர்களுக்கோ அவர் முகம் மறப்பதேயில்லை.

நெஸ்ஸா குவர்க்குக்கு ஆறு வருஷமாக மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கில்பாரா நகரத்து ஆற்றங்கரையில், டார்ப்பியின் ஆபீஸில், அவருக்கு எதிரே ஒரு முழ இடைவெளியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளை நேராகப் பார்த்தார். கைகுலுக்கினார். "புதுசா ஆரம்பிச்சிருக்கீங்களா துப்பறியறதை?" என்று விசாரித்தார். ஒரு சலனமும் இல்லை.

"அஞ்சு வருஷம் ஆச்சு," என்றாள் நெஸ்ஸா.

பக்கத்தில் அவள் உதவியாளர் இக்கி கோவ்னி, மேஜை மேலிருந்த அட்டைக் கட்டடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டும்போது டிரைவரோடு பேசக்கூடாது என்று எழுதியிருந்த பலகை அவருக்குச் செய்த கொடுமைக்கெல்லாம் இப்போது ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஆறு மாடி. நானூத்திப் பன்னெண்டு படுக்கை. மாணவர் விடுதி," என்றார் டார்ப்பி பெருமையாக.

"மரமெல்லாம் நிஜமா வருதா, இல்லை இந்த அட்டையோட சரியா?" என்றார் இக்கி.

டார்ப்பி காதில் வாங்கவில்லை. "நாலு தடவை திருடிட்டான்! டானரி சந்துல என் மனை வாசல்ல கட்டின அறிவிப்புப் பலகையை. இருநூறு படுக்கைக்கு மேல போனா பெரிய திட்டம். முதல்ல நகரசபையோட உட்கார்ந்து பேசி, முன்கருத்துன்னு ஒரு காகிதம் வாங்கணும். அது ஆறு மாசம்தான் செல்லும். அதுக்குள்ள மனு போடணும். மனு போட்டா, வாசல்ல பலகை கட்டி அஞ்சு வாரம் ஊர் கண்ணுல படவைக்கணும். ஆட்சேபணை இருக்கிறவன் இருபது யூரோ கட்டி எழுதிக் கொடுக்கலாம். வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அஞ்சு வாரம் முடியுது. என் ஆறு மாசமும் அதே நேரம் முடியுது."

"ரெண்டும் ஒரே நாள்லயா? கடைசி நேரத்துலதான் மனு போட்டீங்களா?"

"என் கட்டடக் கலைஞன் ஜன்னல் கண்ணாடிக்கு நிறம் பார்க்கவே மூணு மாசம் எடுத்துக்கிட்டான்."

"நிறத்துல அவ்வளவு கவனமா!" என்று வியந்தார் இக்கி.

"பலகை விஷயத்துல கோளாறுன்னு எவனாவது நிரூபிச்சா என் மனு செல்லாது. வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சா உடனே புதுசா போட்டுக்கலாம். அதுக்கப்புறம் தெரிஞ்சா முன்கருத்து காலாவதி. மனை வாங்கற ஒப்பந்தமும் அன்னிக்கே காலி. அதனால நான் சும்மா இல்லை." அவர் ஒரு தடித்த ஆல்பத்தைத் தட்டினார். "முதல் திருட்டுக்கப்புறம் தினமும் காலையில ஒன்பது மணிக்கு என் ஆள் போய் பலகையைப் படம் எடுக்கிறான். பக்கத்துல அன்னன்னைக்குப் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு. திருடு போனா ஒரு மணி நேரத்துல புதுசு ஏறிடும். அதையும் படம் எடுப்பான்."

நெஸ்ஸா ஆல்பத்தைப் புரட்டினாள். அதே கம்பிக் கதவு, அதே வெள்ளைப் பலகை, தேதி மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

"உங்களுக்கு ஒரே ஒரு கேள்வி," என்றார் டார்ப்பி. "யார் திருடுறா? பேரு போதும். கட்டுரை எழுதாதீங்க. முன்னாடி நகரசபையில ஒரு அம்மா என் ஆத்துமுக விடுதியைப் பத்தி நாப்பது பக்கம் எழுதினா. தீ பிடிச்சா இறங்கற படிக்கட்டு செங்கல் சுவத்துல போய் முடியுதாம். எவன் படிச்சான்? கடைசியில அவளைத் தெருவிளக்கு எண்ண அனுப்பிட்டாங்க."

அவர் சிரித்தார். இக்கி சிரிக்கவில்லை. நெஸ்ஸாவின் பேனா ஒரு கணமும் நிற்கவில்லை.

"புரியுது," என்றாள். "ஒரு கேள்வி, ஒரு பதில்."

வெளியே வந்து கார் கதவைச் சாத்தியதும் இக்கி கேட்டார். "எத்தனை விளக்கு பொண்ணே?"

"மூவாயிரத்து நூத்தி ஆறு. அதுல நாப்பத்திரெண்டு எரியலை."

"அந்தாளை முகத்துக்கு நேரா பார்த்துட்டு எப்படிப் பேசாம வந்தே? நானா இருந்தா அந்த அட்டைக் கட்டடத்து மேல உட்கார்ந்திருப்பேன்."

"கோவத்தை அவசரப்பட்டு வித்தா பாதி விலைகூட வராது, இக்கி. வண்டியை எடுங்க."

*

டானரி சந்து செப்டம்பர் மாதத்துக்கே உரிய கூட்டத்தில் இருந்தது. சக்கரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, கையில் போனோடு, வாடகைக்கு அறை தேடும் பிள்ளைகள். பாதிப் பேர் முகத்தில் தூக்கமில்லை.

"இதுங்களுக்கு அறை வேணும்தானே," என்றார் இக்கி. "அந்த விஷயத்துல அந்தாள் சொல்றது பொய் இல்லை."

"அறை வேணும். தீ பிடிச்சா வெளிய வர்ற படிக்கட்டும் வேணும்."

மனையின் கம்பிக் கதவில் பலகை மரியாதையாகத் தொங்கியது. நான்கு மூலையிலும் கேபிள் டை. நெஸ்ஸா கதவின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். கம்பிக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் செருகியிருந்தது. உள்ளே நாலு புதுக் கேபிள் டை.

"டார்ப்பி ஆள் வச்சுட்டுப் போனதா இருக்கும்," என்றார் இக்கி.

"அவன் வண்டியில மூட்டையா வச்சிருப்பான். இதை வச்சது திருடன். பழைய டையை வெட்டி எடுத்துட்டு, புதுப் பலகை கட்ட புது டை வச்சுட்டுப் போறான்."

"என் பர்ஸை அடிச்சவன்கூட பஸ்ஸுக்குச் சில்லறை வச்சுட்டுப் போகலையே! இவ்வளவு நல்ல திருடன் நம்ம ஊர்லயா?"

நெஸ்ஸா குறிப்பேட்டைத் திறந்தாள். "இன்னும் கேளுங்க. பலகை இல்லைன்னு காட்டறதுதான் நோக்கம்னா, எப்ப எடுக்கணும்? நகரசபை ஆய்வாளர் வர்ற அன்னிக்கு எடுக்கணும். அவர் மூணாவது வாரம் திங்கட்கிழமை வந்தார். அன்னிக்குத் திருடன் பலகையைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. அதுவும் போகட்டும். காலையில ஒன்பது மணிக்குப் படம் எடுக்கறாங்க. அது ஆரம்பிச்சதுக்கப்புறம் நடந்த மூணு தடவையும் படம் எடுத்த பிறகுதான் காணாமப் போயிருக்கு. ஒரு தடவைகூட முன்னாடி இல்லை."

"அதாவது, பலகை இருந்ததுக்கு சாட்சி வந்து போற வரைக்கும் திருடன் காத்திருக்கான்."

"ஆமா."

"பைத்தியமா?"

"பொறுமைசாலி." அவள் குனிந்தாள். கதவடியில், நடைபாதைக் கல்லிடுக்கில், காய்ந்த பட்டாணியும் மக்காச்சோளமும் கொஞ்சம் சிந்தியிருந்தன. ஒரு சாம்பல் நிறச் சிறகும். "நாலு திருட்டும் என்ன கிழமை தெரியுமா? புதன். நம்ம ஊர்ல புதன்கிழமை காலையில கூடையைத் தூக்கிட்டு யார் போவாங்க?"

இக்கி விசிலடித்தார். பந்தயப் புறா வளர்ப்பவர்கள் இளம் பறவைகளைக் கூடையில் அடைத்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் பறக்கவிட்டுப் பழக்குவது புதன்கிழமைதான். பதினேழு வருஷம் அவர் ஓட்டிய ஏழாம் நம்பர் பேருந்தில் புதன்கிழமைகளில் பயணிகளைவிடப் புறாக்கள்தான் அதிகம்.

"கூடை தட்டையா, அகலமா இருக்கும்," என்றார் அவர். "பலகை உள்ள போய் உட்கார்ந்துக்கும். மேல ரெண்டு புறா இருந்தா போலீஸ்காரனும் உள்ள கையை விட்டுப் பார்க்கமாட்டான்."

*

புதன்கிழமை ஒன்பது மணிக்கு டார்ப்பியின் ஆள் வந்தான். பேப்பரைப் பிடித்தான், படம் எடுத்தான், போனான்.

சந்தின் மூலையில் நிறுத்திய காருக்குள் இக்கி ரொட்டிக்குள் அடைத்த பன்றிக்கறியையும் முட்டையையும் பாதி முடித்திருந்தார்.

ஒன்பதரைக்கு ஒரு பெண்மணி வந்தாள். எழுபதை நெருங்கும் வயது, ஆண் கோட்டு, தலையில் பிளாஸ்டிக் மழைத்தொப்பி. இடுப்பில் பிரம்புக் கூடை. கதவருகே கூடையை இறக்கினாள். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கடைக்காரி துணி வெட்டுகிற நிதானத்தில் நான்கு டையையும் வெட்டினாள். பலகையைக் கூடையின் அடியில் வழுக்கிவிட்டு, மூடி, புது டைப் பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி இழுத்துவைத்துவிட்டு நடந்தாள்.

"நோனி லூபி!" என்றார் இக்கி, வாயில் முட்டையோடு. "மோஸி லூபியோட சம்சாரம். இந்த மனையே அவங்களோடதாச்சே. மோஸி போன பிப்ரவரியில டார்ப்பிக்கு விக்க ஒப்பந்தம் போட்டான். மார்ச்ல செத்துப் போயிட்டான். தன் மனையில தானே திருடறாங்களா?"

பின்தொடர்ந்தார்கள். சந்தின் வழியே சுற்றி மேட்டுத் தெருவில் ஏறினால், சர்ச் படிக்கட்டில் பதினாலாம் நம்பர் வீடு. மனையின் பின்பக்கம் அந்த வீட்டின் கொல்லையில் முட்டிக்கொண்டு நின்றது. நெஸ்ஸா கதவைத் தட்டக் கையை ஓங்கும்போதே கதவு திறந்தது.

"அந்த நீலக் காரு ரெண்டு மணி நேரமா நிக்குது," என்றாள் நோனி. "உள்ளே வாங்க. டீ போட்டாச்சு. இக்கி கோவ்னி, மிதியடியில காலைத் துடைச்சுக்கோ. பஸ்ஸுன்னு நெனைச்சியா?"

சமையலறையில் அலமாரியில் தட்டுகளுக்குப் பக்கத்தில் நாலு வெள்ளைப் பலகைகள் அடுக்கி நின்றன. நோனி கூடையைத் திறந்து ஐந்தாவதையும் துடைத்துச் சேர்த்தாள்.

"யார் அனுப்பினா?"

"டார்ப்பி," என்றாள் நெஸ்ஸா.

"ம்." நோனி டீயை ஊற்றினாள். "மண்ணு பரிசோதிக்கறதா ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்துது. என்னைக்கு வந்தாங்க தெரியுமா பொண்ணே? மோஸியை அடக்கம் பண்ணின அன்னிக்கு. கொல்லையில அவர் புறா மாடம் இருந்துது. கூட்டாளிங்க அவர் புறாவையெல்லாம் கல்லறைக்குக் கொண்டுவந்து, குழிக்கு மேல பறக்க விட்டாங்க. நாப்பத்தொண்ணு. மரியாதைக்கு. அதுங்க எனக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடுச்சு. வந்து பார்த்தா அதுங்க மாடம் இல்லை. புல்டோசர் இடிச்சுட்டுப் போயிருக்கு."

இக்கி எடுத்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"மூணு நாள் மேலயே சுத்திச்சு. எங்க இறங்கறதுன்னு தெரியலை. பத்தொன்பதுதான் மிச்சம். ஒரு கூட்டாளி வீட்ல இடம் கொடுத்திருக்கான். நான் டார்ப்பி ஆபீஸுக்குப் போனேன். என்னைப் பார்த்து, 'யார் நீங்க?'ன்னு கேட்டான்."

நெஸ்ஸா அந்தக் கேள்வியை அறிவாள். ஆனாலும் தொழில் தொழில். "பலகையை எடுத்தா மனு செல்லாமப் போகும்னு நெனைச்சீங்களா? ஒரு மணி நேரத்துல புதுசு ஏத்திடறார். ஆல்பம் நெறைய படம் வச்சிருக்கார். இது அவரை ஒண்ணும் பண்ணாது, மிஸஸ் லூபி."

"பண்ணாதா?" என்றாள் நோனி. பிஸ்கட் தட்டை நகர்த்தினாள். "நீ குவர்க்குதானே? நாப்பது பக்கம் எழுதினவ. உன்னோடதை நான் படிச்சேன். நூலகத்துல ஒரு பிரதி இருந்துது. ரெண்டு தடவை படிச்சேன். உனக்கு விதியெல்லாம் தெரியும். நல்லா சுத்திப் பாரு."

நெஸ்ஸா சுற்றிப் பார்த்தாள். அடுப்பு. ஜெபமாலை. மாடியில் தங்கும் இரண்டு மாணவிகளின் ஈரச் சப்பாத்து. அலமாரிக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து, இன்னும் எதுவும் எழுதாத ஒரு புதுப் பலகை. மஞ்சள் நிறம். தெருவாசல் கதவின் உட்பக்கத்தில், ஊசி குத்திய ஒரு பழைய அறிவிப்பு. வெள்ளை. எழுந்து போய்ப் படித்தாள். நோனியின் முழுப்பெயர் அதில் இருந்தது.

பதினாலு, சர்ச் படிக்கட்டு, பின்கொல்லை. புறா மாடம் ஒன்று கட்ட அனுமதி கோரி, ஹனோரா லூபி. மே மாதம், இருபதாம் தேதி.

அவள் விரல் மடக்கினாள். மே. ஜூன். ஜூலை. டார்ப்பி மனு போட்டது ஜூலைக் கடைசியில்.

அப்புறம் நெஸ்ஸா குவர்க் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. இக்கி பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். அழுகையில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது எனக்கும் சொல்லுங்கப்பா," என்றார் இக்கி.

"ஒரு நிலத்துல ஒருத்தர் மனு போட்டு, ஆறு மாசத்துக்குள்ள அதே நிலத்துல இன்னொரு மனு வந்தா, ரெண்டாவது மனுவோட பலகை வெள்ளையா இருக்கக்கூடாது, இக்கி. மஞ்சளா இருக்கணும். ஏற்கெனவே ஒண்ணு பார்த்தோமே, அதுதான் இதுன்னு ஊர் ஏமாந்துடக்கூடாதுன்னு விதி. இவங்க மே மாசம் புறா மாடத்துக்கு மனு போட்டாங்க. அது எந்த நிலம்? பின்கொல்லைன்னாலும் அதே மனைதான். டார்ப்பி ஆளுங்க கம்ப்யூட்டர்ல டானரி சந்துன்னு தேடிப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டாங்க. மேட்டுத் தெருவுக்கு ஏறிவந்து மனையோட முதுகை ஒருத்தனும் பார்க்கலை."

"ஏறி வந்திருந்தா அப்போ கதவுக்கு வெளிய ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பான்," என்றாள் நோனி. "ஜூன்ல மனுவைத் திரும்ப வாங்கிட்டேன். அதனால முடிவுன்னு எதுவும் பட்டியல்ல ஏறலை. ஆனா போட்டது போட்டதுதான்."

இக்கி மூக்கைச் சொறிந்தார். "அப்போ பலகையை எதுக்குத் திருடணும்? பேசாம விட்டிருந்தாலே மாட்டியிருப்பானே?"

"விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள் நெஸ்ஸா. "ஒரு பலகையைக் கட்டிட்டு மறந்துபோயிருப்பார். கடைசியில இவங்க 'வெள்ளை'ன்னா, 'இல்லை, மஞ்சள்தான் கட்டினோம், காத்துல போச்சு'ன்னு நாலு வக்கீல் வந்து சத்தியம் பண்ணுவாங்க. விதவை வார்த்தையா, டார்ப்பி வார்த்தையா? இவங்க முதல் புதன்கிழமை ஒண்ணை எடுத்தாங்க. அவருக்கு பயம் வந்துடுச்சு. அன்னியிலிருந்து தினமும், தேதியோட, பேப்பரோட, தன் பலகை வெள்ளைன்னு தானே படம் எடுத்துச் சேர்த்து வச்சிருக்கார்."

"பயம் தணியக்கூடாதுன்னு வாரம் ஒண்ணு எடுத்தேன்," என்றாள் நோனி. "டை வாங்கி வச்சது, சீக்கிரம் திரும்பக் கட்டிடட்டும்னு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்போ ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கப்போறேன். நூறு பக்கம் வேண்டாம். ஒரு பக்கம்."



"ஆனா இன்னைக்குப் புதன்," என்றாள் நெஸ்ஸா மெதுவாக. "நான் இப்ப போய்ச் சொன்னா, நாளைக்குப் பேப்பர்ல விளம்பரம், வாசல்ல மஞ்சள் பலகை, வெள்ளிக்கிழமை காலையில புது மனு. தப்பிச்சுடுவார்."

"தெரியும். தப்பிச்சா மோஸி போட்ட கையெழுத்து நிக்கும். இந்த ஜன்னலுக்கு வெளிய ஆறு மாடி வரும். புறா இறங்க ஒரு சாண் இருக்காது." நோனி அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "கதவைத் திறந்ததே அதுக்குத்தான் பொண்ணே. ஒளிஞ்சுக்க எனக்கு வயசாயிடுச்சு. இனி உன் கையில."

*

காரில் இக்கி சாவியைத் திருப்பவில்லை.

"அந்தாள் நமக்குக் கூலி கொடுக்கறவன்," என்றார். "நீ என்ன செஞ்சாலும் நான் கூட இருக்கேன். ஆனா கேக்காம விட்டா தொண்டையில நிக்கும். இது சரியா?"

நெஸ்ஸா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு தெருவிளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது.

"அவர் என்ன கேட்டார், இக்கி?"

"யார் திருடுறான்னு."

"பொய் சொல்லப் போறதில்லை. மறைக்கப் போறதும் இல்லை. கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவு பதில். ஒரு சொட்டு அதிகமும் இல்லை, ஒரு சொட்டு குறையவும் இல்லை. ஏதாவது மேல கேட்டார்னா, மனசாட்சிப்படி அதுக்கும் பதில் சொல்வேன். கேக்கட்டும்."

வியாழக்கிழமை காலை டார்ப்பி கேட்கவில்லை.

நெஸ்ஸா ஒரு காகிதத்தை நீட்டினாள். அதில் ஒரே பெயர்.

"லூபி கிழவியா!" டார்ப்பி தொடையில் தட்டிச் சிரித்தார். "அவதானா! சின்னப் புத்தி. பலகையை எடுத்தா என்னைக் கவுத்துடலாம்னு பார்த்தாளா?"

நெஸ்ஸா காத்திருந்தாள். "வேற ஏதாவது கேக்கணுமா, மிஸ்டர் டார்ப்பி?"

இக்கி அட்டை மரங்களை எண்ணினார்.

"ஏன் செஞ்சா, எப்படிச் செஞ்சான்னு கதை சொல்லப் போறீங்களா? வேண்டாம்மா. எனக்கு வேலை இருக்கு." ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "நாளைக்கு அவ கடைசி நிமிஷத்துல ஆட்சேபணை போட வருவா. வரட்டும். நானே நேர்ல போய், இந்தப் படம் மொத்தத்தையும் சத்தியப் பத்திரத்தோட அவளுக்கு முன்னாடி கொடுத்துடறேன். அவ மூஞ்சியை நான் பார்க்கணும்!"

"பார்க்க வேண்டியதுதான்," என்றாள் நெஸ்ஸா. "நாங்களும் வரலாமா?"

*

வெள்ளிக்கிழமை. நகரசபையின் திட்டப் பிரிவு கவுன்ட்டரில் டிம்ப்னா என்ற குமாஸ்தா உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலுள்ள முத்திரை நேரத்தையும் சேர்த்து அடிக்கும். அதன்பிறகு அந்தக் காகிதத்தைக் கடவுளாலும் திரும்ப வாங்க முடியாது.

மூன்று நாற்பத்தாறுக்கு டார்ப்பி ஆல்பத்தை வைத்தார். "முப்பத்தஞ்சு படம். அஞ்சு வாரமும் இதே பலகைதான், இப்படியேதான் இருந்ததுன்னு என் சத்தியப் பத்திரம்."

"இதே பலகைதானா?"

"இதே பலகை. ஒரு எழுத்து மாறலை."

டொக். முத்திரை விழுந்தது.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற மழைத்தொப்பி நகர்ந்து முன்னால் வந்தது. நோனி ஒரு தாளையும் இருபது யூரோ நோட்டையும் வைத்தாள். கொண்டுவந்த சாக்கிலிருந்து ஐந்து வெள்ளைப் பலகைகளை எடுத்து டார்ப்பியின் பக்கம் தள்ளினாள். "இந்தாங்க. உங்களோடது. கீறல்கூட விழலை."

டொக். டிம்ப்னா தாளைப் படித்தாள். புருவம் ஏறியது. எழுந்து உள்ளே போனாள். ஒரு மெல்லிய கோப்போடு திரும்பி வந்தாள். கோப்பைப் பார்த்தாள், ஆல்பத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். முப்பத்தைந்து தடவை.

"மிஸ்டர் டார்ப்பி," என்றாள். "இதெல்லாம் ஏன் வெள்ளையா இருக்கு?"

"வேற எப்படி இருக்கணும்?"

அவள் கோப்பைத் திருப்பிக் காட்டினாள். மே இருபது. புறா மாடம். டார்ப்பி ஒரு தடவை படித்தார். இரண்டாம் தடவை படிக்கும்போது கழுத்திலிருந்து மேலே நிறம் மாறியது. அதற்கு அவருடைய கட்டடக் கலைஞனைப் போல மூன்று மாதம் ஆகவில்லை.

"அந்த ஆல்பத்தைக் கொடும்மா."

"முத்திரை விழுந்தாச்சு."

"இப்பவே மஞ்சள் பலகை கட்டறேன்! புது மனு போடறேன்!"

"தாராளமா. முதல்ல பேப்பர்ல விளம்பரம் வரணும்." டிம்ப்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏழு நிமிஷம் இருக்கு. முடிவை மேல இருக்கறவங்கதான் சொல்லணும். ஆனா விதிப் புத்தகத்துல இந்தப் பக்கம் ரொம்பச் சின்னது. படிக்க நேரம் ஆகாது."

டார்ப்பி திரும்பினார். சுவரோரம் நின்ற நெஸ்ஸாவை நோக்கி இரண்டு எட்டு வைத்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"புதன்கிழமையே தெரியும்."

"அப்ப ஏன் எழுதலை?"

"எழுதியிருந்தா நாப்பது பக்கம் ஆகியிருக்கும், மிஸ்டர் டார்ப்பி," என்றாள் நெஸ்ஸா. "எவன் படிக்கப்போறான்?"

முதல்தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றி, கண், மோவாய் என்று ஒவ்வொன்றாக. எங்கேயோ மூவாயிரத்து நூற்றாறு விளக்குகளும் ஒன்றாக எரிந்தன.

"நீ…" என்றார்.

"ஆமா," என்றாள் நெஸ்ஸா.

கடிகாரம் நாலு அடித்தது. டிம்ப்னா கவுன்ட்டர் கதவை இறக்கினாள்.

*

திங்கட்கிழமை காலை இக்கி ஒரு பலகையைச் சாக்குப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நெஸ்ஸாவோடு டானரி சந்துக்குப் போனார். நோனி முன்னாலேயே வந்திருந்தாள். கூடைக்குள் இரண்டு புறாக்கள் முனகின.

கம்பிக் கதவில் ஒரு பலகை ஏறியது. அதே கொல்லையில் புறா மாடம் கட்ட அனுமதி கோரி, ஹனோரா லூபி.

ஆறு மாசத்துக்குள் போடுகிற மனு என்பதால், பலகை மஞ்சள்.

"டை?" என்று கையை நீட்டினாள் நோனி.

நெஸ்ஸா கதவின் பின்பக்கம் கையை விட்டாள். பொட்டலம் அங்கேயே இருந்தது. நாலும்.